சோகோல்: மைதானமும் ஊர்க்கூடமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செக் பொம்மலாட்டம் பற்றிய உங்கள் கட்டுரையில், ஊர்ப்புறப் பொம்மலாட்ட மேடைகள் பலவற்றை நடத்தியது சோகோல் என்ற உடற்பயிற்சி இயக்கம் என்று ஒரு வரி வருகிறது. உடற்பயிற்சிக்கும் பொம்மலாட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று தேடியபோது 1938இல் ப்ராக் நகரில் எடுத்த படங்கள் கிடைத்தன. பல்லாயிரம் ஆண்கள், ஒரே உடுப்பு, ஒரே கோணத்தில் கைகள். பார்த்ததும் எனக்கு நியூரம்பெர்க் நாஜி அணிவகுப்புகள்தான் நினைவுக்கு வந்தன. இதுவும் அதே வகைதானா? நம் பள்ளிகளில் சுதந்திர தினத்துக்கு இருநூறு பிள்ளைகளை வைத்து மாஸ் டிரில் செய்யவே ஒரு மாதம் ஆகிறது. தொலைபேசிகூடச் சரியாக இல்லாத காலத்தில் இதை எப்படிச் செய்தார்கள்? ஓர் உடற்பயிற்சிச் சங்கம் ஒரு மொழிக்கும் பண்பாட்டுக்கும் அப்படி என்ன செய்துவிட முடியும்? கடைசியாக ஒரு சின்ன சந்தேகம். பழைய படம் ஒன்றில் பெண்கள் கையில் வைத்திருப்பது நம் கர்லா கட்டை போலவே இருக்கிறது. அது என்ன?

அன்புடன்,
ச., திருச்சி

அன்புள்ள ச.,

நீங்கள் பார்த்தவை எல்லாம் கோபுரத்தின் மேலிருந்து எடுத்த படங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் எந்தத் திரளும் இன்னொரு திரள் போலத்தான் இருக்கும். சோகோலைப் புரிந்துகொள்ள ஒரு செக் சிற்றூரின் கூடத்துக்குள் போகவேண்டும். சாயங்காலம். சிங்கிள் பாரைச் சுற்றிப் பத்துப் பேர் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் தையல்காரர், ஒருவர் பள்ளி ஆசிரியர், ஒருவர் ரயில்வே எழுத்தர். பயிற்சியாளர் முதலில் தானே செய்து காட்டுகிறார், பிறகு ஒவ்வொருவராகச் செய்கிறார்கள். பயிற்சியாளருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர். ‘லாபமும் வேண்டாம், புகழும் வேண்டாம்’ என்பது சோகோலின் வாசகங்களில் ஒன்று. இந்தக் கூடம்தான் இயக்கம். மைதானம் ஆறு வருடத்துக்கு ஒருமுறை வரும் திருவிழா.

தொடக்கத்தைச் சொல்கிறேன். 1860இல் ஆஸ்திரியப் பேரரசு தன் பிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. செக் மக்கள் வாழ்ந்த பொகேமியாவில் செக்குகளும் ஜெர்மானியர்களும் சங்கங்கள் அமைக்கத் தொடங்கினார்கள். ஜெர்மானியர்களுக்கு உடற்பயிற்சிச் சங்கம் புதிதல்ல. பெர்லினில் யான் என்ற ஜெர்மன் ஆசிரியர் 1811லேயே திறந்தவெளிப் பயிற்சிக்களம் அமைத்துவிட்டார். ப்ராகில் இரு மொழியாருக்கும் பொதுவாக ஒரு சங்கம் என்ற யோசனை கூடிவரவில்லை. 1862 பிப்ரவரி 16 அன்று செக்குகள் தனியே ‘ப்ராக் உடற்பயிற்சிச் சங்கம்’ தொடங்கினார்கள். சீக்கிரமே அது ‘சோகோல்’ ஆயிற்று. சோகோல் என்றால் வல்லூறு. தென் ஸ்லாவிய நாட்டுப்பாடல்களில் வீரனுக்கு வழங்கும் பெயர்.

நிறுவியவர்கள் இரண்டு பேர். மிரோஸ்லவ் டிர்ஷ் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், உடற்பயிற்சி ஆசிரியர், பிற்காலத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியர். யிண்ட்ரிஹ் ஃபூக்னர் காப்பீட்டுத் தொழிலில் இருந்த வணிகர். இருவருடைய பிறப்புப் பெயர்களும் ஜெர்மன் வடிவத்தில்தான் இருந்தன: ஃப்ரீட்ரிஹ் டிர்ஷ், ஹைன்ரிஹ் ஃபூக்னர். ஃபூக்னர் ஜெர்மன் மொழிச் சூழலில் வளர்ந்தவர், செக் மொழியைப் பின்னர்தான் கைவசப்படுத்தினார். செக் என்பது அன்று பிறப்பால் மட்டும் வந்த அடையாளமல்ல, பலர் தேர்ந்தெடுத்துக்கொண்டதும்கூட. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபூக்னர் முதல் தலைவர். 1863இல் ப்ராகில் எழுந்த சங்கக் கட்டடத்துக்குப் பெரும்பணம் அவருடையது. அதைவிடப் பெரிய பங்களிப்பு ஒன்று உண்டு. செக் மொழியில் நம்மைப் போலவே ‘நீ’, ‘நீங்கள்’ என்ற வேறுபாடு இருக்கிறது. சங்கத்துக்குள் எல்லோரும் ஒருவரையொருவர் ‘சகோதரா’ என்று அழைக்கவேண்டும், ‘நீ’ என்றுதான் பேசவேண்டும் என்று வலியுறுத்தியவர் ஃபூக்னர். ஒரு முதலாளியைப் பார்த்து அவரிடம் கூலிக்கு வேலை செய்பவர் ‘நீ’ என்பது எத்தனை கடினம் என்று தமிழில் பேசுகிற நமக்கு விளக்கவேண்டியதில்லை. 1860களின் ஆஸ்திரியாவில் அதைத் தினசரிப் பழக்கமாக்கினார்கள். ஃபூக்னர் 1865இல் ரத்தத்தில் நச்சேறி இறந்தார், 43 வயது. டிர்ஷ் பிற்பாடு அவர் மகள் ரெனாட்டாவை மணந்தார். 1884இல் திரோல் மலைப்பகுதியில் ஆற்றில் மூழ்கி இறந்தார்.

மொழிக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். சோகோல் வருவதற்கு முன் உடற்பயிற்சிக்கான சொற்கள் எல்லாம் ஜெர்மன். கட்டளையும் ஜெர்மன். டிர்ஷ் அந்தத் துறைக்கு முழுதாக ஒரு செக் கலைச்சொல் தொகுதியை உருவாக்கினார். அவருடைய முறை எளிமையானது. உடல் கருவியோடு எந்த உறவில் இருக்கிறது என்பதிலிருந்து சொல்லைத் தொடங்கினார். தோள்கள் பிடிக்குக் கீழே இருந்து உடல் தொங்கினால் ‘ஸ்விஸ்’. கைகள் ஊன்றி உடல் மேலே நின்றால் ‘வ்ஸ்போர்’. தொங்கும் நிலையிலிருந்து காலை மேலேற்றிப் பாரைச் சுற்றி ஊன்றும் நிலைக்கு வந்தால் ‘வீமிக்’. ஒவ்வொரு சொல்லுக்கும் வேர் அன்றாடச் செக் பேச்சில் இருந்தது. அதனால் முதல் நாள் வரும் தச்சருக்குக்கூடச் சொல்லைக் கேட்டவுடன் உடல் பாதி புரிந்துகொண்டது. 1871இல் ‘சோகோல்’ என்ற இதழைத் தொடங்கி இந்தச் சொற்களைப் புழக்கத்தில் விட்டார். 1873இல் ‘உடற்பயிற்சியின் அடிப்படைகள்’ நூலாக வந்தது. இன்றைக்கும் செக் பள்ளிகளில் உடற்கல்வி வகுப்பு இந்தச் சொற்களில்தான் நடக்கிறது. கலைச்சொல்லை அகராதியில் அச்சிட்டு வைப்பது ஒன்று. வாரம் இரண்டு முறை ஆயிரக்கணக்கானவர்கள் வாயிலும் உடம்பிலும் ஏற்றுவது வேறு. கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நண்பர்கள் டிர்ஷை அவசியம் படிக்கவேண்டும் என்று சொல்வேன்.

அந்த நூல் பயிற்சிகளை நான்கு தொகுதியாகப் பிரிக்கிறது. கருவி இல்லாமல் செய்பவை. கருவியின் மேலும் கருவியைக் கையில் கொண்டும் செய்பவை. பலர் சேர்ந்து செய்பவை, அதாவது ஆள்மேல் ஆள் ஏறி நிற்கும் கோபுரங்கள் போன்றவை. எதிராளியோடு செய்பவை: மல்யுத்தம், வாள்வீச்சு, குத்துச்சண்டை. ஓர் உறுப்பினர் நான்கிலும் பழகவேண்டும். கிரேக்கச் சிற்பங்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தவர் டிர்ஷ். ஓர் உறுப்பு மட்டும் பெருத்த உடல் அவர் கண்ணுக்கு அழகில்லை. சோகோல் போட்டிகளில் பாரில் கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது, ஓடவும் தாண்டவும் எறியவும் வேண்டியிருந்தது இதனால்தான்.

கூடத்தில் ஒரு மாலை எப்படிப் போகும்? வரிசையில் நிற்றல், நடை, அணி மாற்றம். பிறகு எல்லோரும் சேர்ந்து கருவியில்லாப் பயிற்சி. பிறகு சிறு குழுக்களாகப் பிரிந்து கருவிகளுக்குப் போவார்கள். ஒரு குழு பாரலல் பாரில், ஒன்று மரக்குதிரையில், ஒன்று வளையங்களில். சைகை கிடைத்ததும் குழுக்கள் இடம் மாறும். விளையாட்டோடு முடியும். குழுவைச் சிறிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒரு பாரில் இருபது பேர் காத்திருந்தால் ஒருவருக்கு இரண்டாவது முறை வருவதற்குள் உடல் குளிர்ந்துவிடும். குளிர்ந்த தோளோடு வளையத்தில் தொங்கினால் தசை பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று தாங்குகிறவரின் கவனமும் அதற்குள் சிதறிவிடும், விபத்து அங்கேதான் நடக்கும். எட்டுப் பத்துப் பேர் என்றால் சுற்று வேகமாக வரும். ஒருவர் செய்வதை மற்றவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். பார்த்தலும் பயிற்சியின் பாதி.

இனி உங்கள் பொம்மலாட்டக் கேள்வி. சங்கக் கட்டடத்துக்குச் ‘சோகோலோவ்னா’ என்று பெயர். செக் ஊர்களில் இன்றும் நூற்றுக்கணக்கில் நிற்கிறது. உள்ளே போனால் ஓர் அகலமான கூடம், மரத்தரை, சுவரோரம் ஏறும் ஏணிக்கட்டைகள், கூரையிலிருந்து கயிறும் வளையமும். கூடத்தின் ஒரு முனையில் மேடை, திரைச்சீலையோடு. பாரையும் குதிரையையும் ஓரம் தள்ளி நாற்காலி போட்டால் அது நாடக அரங்கு. நாற்காலியை எடுத்துவிட்டால் நடனக்கூடம். 1918க்குப் பின் சினிமா காட்டும் உரிமத்தை அரசு இத்தகைய சங்கங்களுக்கும் கொடுத்ததால் பல ஊர்களில் முதல் சினிமாவே ‘பியோ சோகோல்’தான். அந்த வருமானம் கட்டடக் கடனை அடைத்தது. நூலகம் இருந்தது. குழந்தைகளுக்குப் பொம்மலாட்டம் இருந்தது. குளிர்காலத்தில் ‘ஷிப்ரிங்கி’ என்ற மாறுவேட நடன விழா இருந்தது. 1860களிலேயே தொடங்கிய வழக்கம் அது. ஒவ்வொரு சங்கத்திலும் தலைவர், பயிற்சித் தலைவர், செயலர், பொருளாளர் ஆகியோரோடு ‘வ்ஸ்தெலாவதெல்’ என்றொரு பதவியும் உண்டு, அறிவூட்டுபவர் என்று பொருள். பயிற்சிக்கு நடுவே சில நிமிடம் பேசுவது, சொற்பொழிவு, நூலகம், நாடகம், பொம்மலாட்டம் எல்லாம் அவர் பொறுப்பு. ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் சட்டதிட்டத்திலேயே இப்படி ஒரு பதவி இருந்தது எனக்கு இந்த இயக்கத்தின் மிக அழகான அம்சமாகத் தோன்றுகிறது.

பதவிகள் எல்லாம் தேர்தலால் வருபவை. ஆண்டுக்கூட்டம், கணக்கு, தீர்மானம், வாக்கு. ஊர்ச் சங்கங்கள் சேர்ந்து ‘ஷுபா’ எனப்படும் வட்டாரம். வட்டாரங்கள் சேர்ந்து 1889இல் தலைமை அமைப்பு. தனி நாடு கிடைப்பதற்கு ஐம்பது அறுபது வருடம் முன்பிருந்தே செக்குகள் நாடு நடத்துவதற்கான சின்னச் சின்ன வேலைகளை இந்தக் கூடங்களில் பழகிவிட்டார்கள். 1918 அக்டோபரில் ஆஸ்திரியா சரிந்தபோது ப்ராகில் ஒழுங்கைக் காக்க சோகோல் காவல் அணிகள் தெருவில் இறங்கின. அவர்கள் புதிதாக எதையும் கற்கவேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பே, 1914இல், பிரெஞ்சு அயல்நாட்டுப் படையில் சேர்ந்த செக் தன்னார்வலர் அணிக்கு ‘நஸ்தார் கம்பெனி’ என்று பெயர் விழுந்தது. பாரிஸ் சோகோல்காரர்கள் பலர் அதில் இருந்தார்கள். ‘நஸ்தார்’ என்பது சோகோலின் வணக்கச் சொல், ‘வெல்க’ என்பது போல. செக் தேசிய நாடக அரங்கு கட்ட நன்கொடை திரட்டியபோது எழுந்த கோஷத்திலிருந்து வந்தது. ஆக அரங்குக்கான உண்டியல் சொல் உடற்பயிற்சியாளர் வாய்க்கு வந்து அங்கிருந்து போர்முனைக்குப் போயிருக்கிறது. 1915 மே 9 அன்று பிரான்ஸின் ஆராஸ் அருகே அந்த அணி பெரும் இழப்பைச் சந்தித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஆஸ்திரிய அரசு சோகோலைக் கலைத்தது.

கலைஞர்கள் இந்த இயக்கத்தோடு ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். முதல் கொடியையும் உடுப்பையும் வடிவமைத்தவர் ஓவியர் யோசெஃப் மானெஸ். இத்தாலிய விடுதலை வீரர் கரிபால்டியின் தொண்டர்கள் அணிந்ததைப் போல சிவப்புச் சட்டை, தொப்பியில் வல்லூற்றின் இறகு. எழுத்தாளர் கரோலினா ஸ்வெட்லா அந்தக் கொடிக்கு ஞானத்தாய். 1912 விழாவுக்குச் சுவரொட்டி வரைந்தவர் ஓவியர் அல்ஃபோன்ஸ் முஹா. இசையமைப்பாளர் யானாச்செக்கின் ‘சின்ஃபோனியெட்டா’ 1926 விழாவுக்காக எழுதத் தொடங்கிய எக்காள இசையிலிருந்து வளர்ந்தது. முதலில் ஒலித்தது அந்த ஜூன் மாதத்தில்தான். இன்னோர் இசையமைப்பாளர் யோசெஃப் சூக் சோகோலுக்காக எழுதிய ‘புது வாழ்வை நோக்கி’ என்ற நடையிசை 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் கலைப் போட்டியில் வெள்ளி வாங்கியது. அந்தப் பிரிவில் அந்த வருடம் தங்கமே கொடுக்கவில்லை.

பெருவிழாவின் பெயர் ‘ஸ்லெட்’. பறவைகள் பல திசையிலிருந்து பறந்துவந்து ஓரிடத்தில் இறங்குவது. முதல் ஸ்லெட் 1882 ஜூன் 18, ப்ராகில் ஆற்றுக்கு நடுவே உள்ள ஸ்ட்ரெலெட்ஸ்கி தீவில். 720 பேர் செய்தார்கள், டிர்ஷே நடத்தினார். 1887இல் அடுத்ததை நடத்தவிருந்தபோது காவல்துறை தடை போட்டது. 1926 முதல் ஸ்ட்ராஹோவ் குன்றின் மேல். மைதானம் மட்டும் ஏறத்தாழ 300க்கு 200 மீட்டர். 1938இல் நீங்கள் படத்தில் பார்த்த ‘குடியரசுக்கு உறுதிமொழி’ என்ற பயிற்சியில் 28,000க்கும் மேற்பட்ட ஆண்கள்.

எப்படிச் செய்தார்கள்? முதலில் பயிற்சியை ஒருவர் இயற்றுவார், கவிதை இயற்றுவதைப் போல. பின்னர் அச்சிடுவார்கள். ஒவ்வொரு அசைவும் டிர்ஷின் கலைச்சொல்லில், எந்தத் தாளத்தில் எது என்று எண்ணோடு, பக்கத்தில் கோட்டோவியம், கூடவே பியானோவுக்கான இசைத்தாள். இந்த அச்சுப்பிரதி எல்லாச் சங்கங்களுக்கும் போகும். இங்கேதான் கலைச்சொல்லின் அருமை தெரிகிறது. ‘கையைச் சாய்வாக உயர்த்து’ என்று எழுதினால் ஆளுக்கொரு சாய்வு வரும். சாய்வுக்குத் தனிச்சொல் இருந்து, எல்லோரும் அதைப் பிள்ளைப் பருவத்திலிருந்தே உடம்பால் அறிந்திருந்தால், கூட்டிச்சேர்க்காமலேயே ஆயிரம் ஊர்களில் ஒரே கோணம் வரும். குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு ஊரும் தன் கூடத்தில் பழகும். வசந்தத்தில் அக்கம்பக்கத்து ஊர்கள் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்கும். பிறகு வட்டார விழா. எல்லோரும் ஒன்றாக நிற்பது ப்ராகில் மட்டும், அதுவும் விழாவுக்குச் சற்று முன்னால். உங்கள் பள்ளியின் இருநூறு பிள்ளைகளுக்கு ஒரு மாதம் ஆவது, அந்த ஒரு மாதத்தில் சொல்லையும் அசைவையும் அணியையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கவேண்டியிருப்பதால்தான். பி.டி. மாஸ்டரைக் குறை சொல்லவேண்டாம்.

தவறுகள் எங்கே வரும்? முதலாவது ஒலி. காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும். 300 மீட்டர் நீள மைதானத்தின் ஒரு முனையில் வாத்தியக்குழு இருந்தால் மறுமுனைக்கு இசை போய்ச்சேர முக்கால் நொடிக்கும் மேல் ஆகிவிடும். நிமிடத்துக்கு 120 தட்டு என்ற நடைவேகத்தில் ஒரு தட்டுக்கு அரை நொடி. ஆகக் கடைசி வரிசை ஒன்றரைத் தட்டுக்கு மேல் பின்தங்கும். காதை நம்பினால் பின்வரிசை தாமதம். கண்ணை நம்பி முன்வரிசையைப் பார்த்துச் செய்தால் காதில் விழும் இசை குழப்பும். பாதிப்பேர் காதையும் பாதிப்பேர் கண்ணையும் நம்பினால் மைதானத்தில் அலை அடிப்பதுபோல் தெரியும். ஒலி பல இடங்களிலிருந்து வந்தால் மட்டுமே இது தீரும். அதனால்தான் ஒலிபெருக்கி வருவதற்கு முன் இந்த அளவு திரளை நினைத்துப் பார்ப்பதே கடினம்.

இரண்டாவது இடம். மேலே சொன்ன அளவையும் ஆள் எண்ணிக்கையையும் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு இரண்டு சதுர மீட்டருக்குச் சற்று மேல்தான் வருகிறது, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர்கூட முழுதாக இல்லை. வளர்ந்த ஆணின் விரித்த கைகளின் நீளம் அதைவிட அதிகம். நேர்வரிசையில் நின்று எல்லோரும் பக்கவாட்டில் கைவிரித்தால் விரலோடு விரல் மோதும். எனவே சதுரங்கக் கட்டம் போல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நிற்கவேண்டும், அல்லது அசைவுகளை முன்பின்னாகவும் மேல்கீழாகவும் அமைக்கவேண்டும். இயற்றுபவர் தாளில் எழுதும்போதே இதைக் கணக்கிட்டாக வேண்டும். தரையில் ஒவ்வொருவர் நிற்கும் இடத்துக்கும் குறி உண்டு. குறியைக் காலால் தேடக்கூடாது, தலை குனிந்து பார்க்கவும் கூடாது. எத்தனை அடி வைத்தால் குறி வரும் என்பது ஊரிலேயே பழகியிருக்கவேண்டும்.

மூன்றாவது, பலரும் கவனிக்காதது: உள்ளே வருதல். ஆயிரக்கணக்கானவர்கள் வாயில் வழியே நெருக்கமான பத்தியாக நுழைந்து, பிரிந்து, பரவி, அவரவர் இடத்தில் ஒரே நேரத்தில் நிற்கவேண்டும். இதற்கு ஆகும் நேரம் பயிற்சியின் நேரத்துக்கு அருகில்கூட வந்துவிடும். பார்வையாளருக்குச் சலிக்காமல் இருக்க அதையே ஒரு கோலம்போல் அமைத்தார்கள். புள்ளி வைப்பதே பார்க்க அழகாக இருக்கவேண்டும் என்பதைப் போல. வராமல்போன ஓர் ஆள் அந்தக் கோலத்தில் ஓட்டையாகத் தெரிவார் என்பதால் மாற்று ஆட்களும் தயாராக இருக்கவேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நியூரம்பெர்க்கில் எல்லாக் கோடும் ஓர் ஆளை நோக்கிப் போகிறது. ஸ்லெட்டில் நடுவே யாரும் இல்லை. மேடையில் நிற்பவர் பயிற்சித் தலைவர், அவரைத் தேர்ந்தெடுத்தவர்களும் அவரை நீக்கக்கூடியவர்களும் கீழே நிற்பவர்கள்தான். 1938 ஜூலையில் அந்த உறுதிமொழியை எடுத்தவர்கள் எல்லைக்கு அப்பால் ஹிட்லர் இருப்பதை அறிந்தே எடுத்தார்கள். ஹிட்லரின் ஆட்களும் அவர்களை யாரென்று சரியாகவே அறிந்திருந்தார்கள். 1941 அக்டோபர் 7 இரவிலிருந்து 8 விடியற்காலைக்குள் நாஜி ரகசியக் காவல்துறையான கெஸ்டாபோ சுமார் 1,500 சோகோல் பொறுப்பாளர்களைக் கைது செய்தது. ஜெர்மனி பிடித்துவைத்திருந்த செக் பகுதியை அப்போது ஆண்ட நாஜி அதிகாரி ஹெய்ட்ரிச் இயக்கத்தைக் கலைத்து அதன் சொத்துகளைப் பறித்தார். கைதானவர்களில் பெரும்பாலோரை ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள், திரும்பியவர்கள் கொஞ்சம். எஞ்சியவர்கள் ‘யிண்ட்ரா’ என்ற ரகசியக் குழுவாக இயங்கினார்கள். அடுத்த ஆண்டு ஹெய்ட்ரிச்சைக் கொன்ற பாராசூட் வீரர்களுக்கு ப்ராகில் தங்க இடமும் உணவும் ஏற்பாடு செய்தவர்களில் முக்கியமானவர் யான் செலென்கா. அவர் பள்ளி ஆசிரியர், சோகோல் பொறுப்பாளர்.

ஆனால் குறையை மறைத்துப் பேசவேண்டியதில்லை. செக் தேசியம் என்பது பல இடங்களில் ஜெர்மன் எதிர்ப்பாகவே இருந்தது, அது சோகோலுக்குள்ளும் இருந்தது. தொழிலாளர்கள் 1897இல் பிரிந்துபோய்த் தங்கள் சங்கத்தை அமைத்தார்கள். ‘சகோதரா’ என்று கூப்பிட்டால் வர்க்கம் மறைந்துவிடாது என்பதை அவர்கள் கண்டிருந்தார்கள். கத்தோலிக்கர்கள் ‘ஓரெல்’ என்று தனியே அமைத்துக்கொண்டார்கள், கழுகு என்று பொருள். செக் எல்லைப்பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுத்த 1938 மியூனிக் ஒப்பந்தத்துக்குப் பின்னான அந்தக் கசப்பான மாதங்களில் சில சோகோல் சங்கங்கள் யூத உறுப்பினர்களை வெளியேற்றின. மூன்று மாதம் முன்பு மைதானத்தில் எடுத்த உறுதிமொழியோடு இதை எப்படிப் பொருத்துவது? பொருந்தாது. நாஜிகளை எதிர்த்து உயிர்விட்ட இயக்கத்துக்குள்ளேயே அந்த நஞ்சும் இருந்தது. தேசிய இயக்கங்களை நேசிப்பவர்கள் இதைக் கண்திறந்து பார்க்கவேண்டும்.

பெண்களுக்கும் கதவு மெதுவாகத்தான் திறந்தது. 1869இலேயே டிர்ஷின் ஆதரவோடு ப்ராகில் பெண்கள் உடற்பயிற்சிச் சங்கம் வந்துவிட்டது. இருந்தும் ஸ்லெட்டில் பெண்கள் இறங்கியது 1901இல்தான், எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள். 1918க்குப் பின் ஒவ்வொரு சங்கத்திலும் பெண் பயிற்சித் தலைவர் பதவி வலுவானது. 1930களில் தலைமை அமைப்பில் அந்தப் பொறுப்புக்கு வந்தவர் மரியே ப்ரொவாஸ்னிகோவா.

அவருடைய பெயர் 1948 கோடையோடு சேர்ந்தது. அந்தக் கோடையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தார்கள். ஜூனில் குடியரசுத் தலைவர் பெனெஷ் பதவி விலகினார், கம்யூனிஸ்ட் தலைவர் கோட்வால்ட் அவர் இடத்துக்கு வந்தார். சோகோலில் அப்போது பத்து லட்சம் பேர். ஏற்கெனவே திட்டமிட்டிருந்த ஸ்லெட்டை ரத்து செய்ய அரசு துணியவில்லை. ஜூலை 6, ப்ராக் தெருக்களில் சோகோல் ஊர்வலம். பழைய நகரச் சதுக்கத்தில் மேடை, மேலே கோட்வால்ட். வழக்கப்படி மேடையைக் கடக்கும்போது ஒவ்வொரு வரிசையும் தலையை அந்தப் பக்கம் திருப்பவேண்டும். பல அணிகள் மேடைக்கு நேராக வந்ததும் பாட்டையும் கோஷத்தையும் நிறுத்தின. தலையை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, காலடி ஓசை மட்டும் கேட்க, கடந்துபோயின. கடந்த பிறகு பெனெஷை வாழ்த்தும் குரல்கள் எழுந்தன. ஒரே நேரத்தில் ஒரே கோணத்தில் தலையைத் திருப்ப ஆயுள் முழுக்கப் பழகிய உடல்கள் அவை. கைதுகள் அன்றே தொடங்கின. பின்னாலேயே ஆயிரக்கணக்கானவர்களை இயக்கத்திலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த மாதம் லண்டன் ஒலிம்பிக். செக்கோஸ்லோவாக்கியப் பெண்கள் அணியின் எலிஷ்கா மிசாகோவா லண்டன் போய்ச்சேர்ந்ததும் இளம்பிள்ளை வாதத்தால் விழுந்தார். அணி தங்கம் வென்ற அன்றே இறந்தார். பதக்கம் வழங்கும்போது ஏற்றிய கொடியில் கறுப்புநாடா கட்டியிருந்தார்கள். அணியோடு போயிருந்த ப்ரொவாஸ்னிகோவா நாடு திரும்ப மறுத்துவிட்டார். ஒலிம்பிக்குக்குப் போன இடத்தில் அரசியல் காரணத்தால் தங்கிவிட்ட முதல் ஆள் என்று அவரைச் சொல்கிறார்கள்.

1950களில் சோகோல் கலைக்கப்பட்டது. ஆனால் ஸ்ட்ராஹோவ் மைதானத்தை அரசு விட்டுவிடவில்லை. 1955 முதல் 1985 வரை அங்கே ‘ஸ்பார்ட்டாக்கியாட்’ என்ற பெயரில் திரள் பயிற்சி நடந்தது. தரைக்குறி, இயற்றும் முறை, கோலம் எல்லாமே சோகோல் வளர்த்தெடுத்த கலை. பழைய சோகோல் பயிற்சியாளர்கள் பலர் அதில் வேலையும் செய்தார்கள். பலருக்கு அது உண்மையாகவே மகிழ்ச்சியான அனுபவம், அதை மறுக்க எனக்கு மனமில்லை. ஆனால் ஊர்க்கூடத்தின் ஆண்டுக்கூட்டமும் வாக்குச்சீட்டும் போய்விட்டன. உங்கள் ‘அதே வகைதானா’ என்ற கேள்வியைக் கேட்கவேண்டிய இடம் எனக்கு இதுதான் என்று படுகிறது. மேலிருந்து எடுத்த படங்களில் 1938ஐயும் 1955ஐயும் பிரித்தறிவது கடினம்.

1990 ஜனவரியில் சோகோல் மீண்டது. 1994 முதல் ஆறு வருடத்துக்கு ஒருமுறை ஸ்லெட் நடக்கிறது, கடைசியாக 2024இல். சாதாரணக் கால்பந்து அரங்கமே இப்போது போதுமானதாக இருக்கிறது. ஸ்ட்ராஹோவ் மைதானத்தைக் கால்பந்துப் பயிற்சிக் களங்களாகப் பிரித்துவிட்டார்கள். பல ஊர்களில் கூடங்கள் மட்டும் திரும்பக் கிடைத்து, பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறது. செக் நாட்டுக்குப் போனால் ப்ராகின் மலா ஸ்ட்ரானாவில் உள்ள டிர்ஷ் மாளிகையையும், ஏதாவது ஒரு சிற்றூரின் சோகோலோவ்னாவையும் பாருங்கள். பழைய கட்டடமென்றால் மேடையும் வளையங்களும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்.

கர்லா கட்டை சந்தேகம் சரியான சந்தேகம். செக்கில் அதற்கு ‘குஷெலெ’. 1901இல் முதன்முதலாக மைதானத்தில் இறங்கிய பெண்கள் செய்தது இந்தக் கட்டைப் பயிற்சிதான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினர் நம் பயில்வான்களிடம் பார்த்துப் பழகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இன்றும் அதற்கு ‘இந்தியன் கிளப்’ என்றே பெயர். பிறகு ஐரோப்பா முழுக்கப் பரவியது. போகிற வழியில் எடை குறைந்துவிட்டது. நம் கட்டை தோளின் பின்னால் சுழலும்போது முதுகும் இடுப்பும் சேர்ந்து இழுக்கும் அளவுக்குக் கனம். அங்கே கடைந்தெடுத்த மெல்லிய கட்டை, மணிக்கட்டே சுழற்றிவிடும். வலிமைக்கு இருந்தது தாளத்துக்கு என்று ஆயிற்று. இன்றைய ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் இரண்டு கையிலும் வைத்துச் சுழற்றும் ‘கிளப்’ அதன் பேத்தி. 40 முதல் 50 சென்டிமீட்டர் நீளம், குறைந்தது 150 கிராம் எடை இருக்கவேண்டும் என்பது விதி.

அன்புடன்